இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ்ல எம்.எஸ்.ஸா, இல்ல சி.எஸ்., எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வா: எதுல என்ன கைக்கு வரும்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு சித்தி பையன் போன் பண்ணான். "அக்கா, மூணு யுனிவர்சிட்டி பாத்து வச்சிருக்கேன், ரெண்டுல இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ், ஒண்ணுல கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்பா என்னடான்னா எம்.பி.ஏ. போன்னு சொல்றாரு, நீ படிச்சு முடிச்சவதானே, எதுன்னு சொல்லு"ன்னு கேட்டான். ஒரு வரில சொல்ல முடியல. ஒன்றரை மணி நேரம் பேசினோம், வச்சப்பறமும் பாதிதான் சொல்லியிருக்கோம்னு மனசுக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. இதே கேள்விய ஜூனியர்ஸும் அடிக்கடி கேக்குறாங்க, அதான் உக்காந்து மொத்தமா எழுதிடலாம்னு.

நான் பி.இ. ஈ.சி.ஈ., 2014ல முடிச்சேன். ஓ.எம்.ஆர்.ல ஒரு சர்வீஸ் கம்பெனில நாலு வருஷம் ப்ரொடக்ஷன் சப்போர்ட், அதாவது ராத்திரி ஷிப்ட்ல டிக்கெட்டுன்னு புகார் வரும், ஜாப்புன்னு சொல்ற தானா ஓடற ப்ரோக்ராம் ஃபெயில் ஆகியிருக்கும், பழைய டிக்கெட்ல என்ன பண்ணாங்களோ அதையே திரும்ப பண்ணி மூடணும். 2018ல அமெரிக்கா போயி ரெண்டு வருஷம் எம்.எஸ். இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ், அப்பறம் மூணு வருஷம் அங்கயே வேலை, இப்ப கோயம்புத்தூர்ல இருக்கேன். அப்பா வீட்டுப் பத்திரத்த வச்சு 34 லட்சம் லோன் எடுத்துதான் போனேன், அதனால இந்தப் படிப்பு அந்த காசுக்கு என்ன குடுத்துச்சுங்கறத நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

பசங்க எல்லாரும் ஒப்பிடறது ரேங்க், அட்மிட் ஈஸியா கிடைக்குமா, பேக்கேஜ் எவ்வளவு, இந்த மூணுதான். நான் அவன்கிட்ட முதல்ல கேட்டது வேற: இப்ப உன்கிட்ட எது இல்ல? கோட் எழுத வரலையா, கோட் வருது ஆனா எதுக்கு எழுதறோம்னு புரியலையா, ரெண்டும் வருது ஆனா மேல இருக்கறவங்ககிட்ட சொல்லி ஒத்துக்க வைக்க முடியலையா? இந்த மூணுக்கும் வேற வேற படிப்பு. ஐ.எஸ்., அதாவது இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ், முக்கியமா ரெண்டாவதுக்கு, கொஞ்சம் மூணாவதுக்கு. முதலாவதுக்கு அது சரியான மருந்து இல்ல.

ரெண்டாவதுன்னா என்னன்னு ஒரு உதாரணத்தோட சொன்னாதான் புரியும். முதல் செமஸ்டர்ல சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் அண்ட் டிசைன்னு ஒரு பேப்பர், நிஜமா நடக்குற ஒரு தொழில எடுத்து அதோட வேலை ஓட்டத்தையும் டேட்டா மாடலையும் (எந்தத் தகவல் எதோட சேருதுங்கற படம்) வரையணும். டிசம்பர் லீவுல அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தப்ப, திருப்பூர்ல எங்க மாமா வச்சிருக்கற பனியன் கம்பெனியவே எடுத்துக்கிட்டேன். மாமாகிட்ட கேட்டா, "என்ன கண்ணு இருக்குது இதுல, ஆர்டர் வரும், துணி ரெடி பண்ணுவோம், வெட்டுவோம், தைப்போம், பேக் பண்ணி அனுப்புவோம், அவ்ளோதான்"னு முடிச்சிட்டாரு. நானும் அஞ்சு பெட்டி போட்டு அம்புக்குறி வரைஞ்சு, ஒரு நாள்ல வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.

மறுநாள் கட்டிங் மாஸ்டர் கூட உக்காந்தேன். அவரு அலமாரில இருந்து டெலிவரி சலான் புக்க எடுத்து டேபிள் மேல வச்சு, "அம்மிணி, இத பாருங்க"ன்னாரு. சாயப்பட்டறைக்கு போன துணி 412 கிலோ. திரும்பி வந்தது ரெண்டு தடவையா, 250 கிலோ ஒரு லாட், 148 கிலோ இன்னொரு லாட். கூட்டினா 398. மீதி 14 கிலோ எங்கன்னு கேட்டேன், சாயத்துல அவ்வளவு கொறையும், அதுக்கும் ஒரு அளவு இருக்குது, அதுக்கு மேல கொறைஞ்சாதான் சண்டை போடணும்னாரு. அப்பறம் ரெண்டு லாட்லருந்தும் ஒரு துண்டு எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினாரு. ரெண்டும் நேவி ப்ளூதான், ஆனா ஒண்ணு மயிரிழை கருப்பு கூட. "இந்த லாட்ல உடம்பு வெட்டி அந்த லாட்ல கை வெட்டினா, போட்டு பாக்குறப்ப தெரிஞ்சிரும், சரக்கு வாங்குற பையரு மொத்த சரக்கையும் ரிஜெக்ட் பண்ணிருவான். அதனால லாட்டு கலக்காம வெட்டி, பண்டில் நம்பர் ஒட்டி, தைக்கிற பவர் டேபிளுக்கு போற வரைக்கும் அதே நம்பர்ல போகணும்."

என் அஞ்சு பெட்டில லாட்ங்கற வார்த்தையே கிடையாது. மாமா பொய் சொல்லல, இருபது வருஷமா அந்த வேலைய பாக்குறவருக்கு அது மூச்சு விடற மாதிரி, வாய்ல சொல்லணும்னே தோணல. மாமா சொன்னத மட்டும் வச்சு யாராவது சாஃப்ட்வேர் எழுதியிருந்தா அது ஓடியிருக்கும், ஸ்க்ரீன் அழகா இருந்திருக்கும், ஆனா கட்டிங் மாஸ்டர் அத தொடவே மாட்டாரு, சலான் புக்குதான் ராஜ்ஜியம் பண்ணும். இன்னொண்ணும் அன்னிக்குதான் கவனிச்சேன், சாயப்பட்டறை வரைக்கும் கணக்கு கிலோல ஓடுது, கட்டிங்க்கு அப்பறம் அதே சரக்கு பீஸ் ஆயிடுது, குவான்டிட்டின்னு ஒரே ஒரு காலம் (column) வச்சா எங்கேயோ ஒரு இடத்துல கிலோவையும் பீஸையும் கூட்டி வச்சிருவோம்.

ப்ரொஃபசர் அந்த வரைபடத்த பாத்துட்டு ஆர்டருக்கும் லாட்டுக்கும் நடுவுல நான் போட்ட ஒரு கோட்ட சுத்தி வட்டம் போட்டு, ஒரு லாட் ரெண்டு ஆர்டருக்கு போகுமான்னு மட்டும் கேட்டாரு. மாமாவுக்கு போன் பண்ணி கேட்டேன். "மிச்சத் துணிய அடுத்த ஆர்டருக்கு போடாம தூக்கியா போடுவாங்க கண்ணு"ன்னாரு. ஆக ஒரு ஆர்டருக்கு பல லாட், ஒரு லாட்டுக்கு பல ஆர்டர், நடுவுல எத்தனை கிலோ எதுக்கு போச்சுன்னு சொல்ல டேட்டாபேஸ்ல தனியா ஒரு டேபிள் வேணும். மெனி டு மெனின்னு புஸ்தகத்துல எல்லாரும் படிக்கிறதுதான், பி.இ.லயே பாஸ் பண்ணியிருக்கேன். ஆனா அது நேவி ப்ளூ துணியா எதிர்ல நின்னு பேசினது அன்னிக்குதான். எம்.எஸ்.ல என்ன கத்துக்கிட்டேன்னு யாராவது கேட்டா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இதுதான்: வேலை சொல்றவங்கள மட்டும் கேக்காம வேலை செய்றவங்க பக்கத்துல உக்காரணும், அவங்க கைல இருக்கற காகிதத்த வாங்கி பாக்கணும், அப்பறமா பெட்டி வரையணும்.

டேட்டா பத்தியும் சொல்லணும். ஓ.எம்.ஆர். கம்பெனில இருக்கும்போதே எனக்கு எஸ்.கியூ.எல்., அதாவது க்வெரி எழுதி டேட்டாபேஸ்லருந்து தகவல் எடுக்கற மொழி, நல்லா வரும், அப்படித்தான் நெனச்சிருந்தேன். ஒரு மாசம் க்ளையண்ட்டுக்கு சேல்ஸ் ரிப்போர்ட் எடுத்து அனுப்பினேன், இன்வாய்ஸ் டேபிளையும் பேமெண்ட் டேபிளையும் ஜாயின் பண்ணி கூட்டு போட்டு. ஒரு பெரிய கஸ்டமர் ஒரே இன்வாய்ஸ மூணு தவணையா கட்டியிருந்தாரு, அதனால அந்த இன்வாய்ஸ் தொகை மூணு தடவை கூடிருச்சு. அந்த நம்பர் அவங்க மாசாந்திர மீட்டிங் வரைக்கும் போயிருச்சு. க்வெரில ஒரு சிண்டாக்ஸ் தப்பு கூட கிடையாது. ஜாயின் பண்ணப்பறம் ஒரு வரிங்கறது எதைக் குறிக்குது, ஒரு இன்வாய்ஸயா ஒரு தவணையையா, அந்தக் கேள்விய நான் கேட்டுக்கவே இல்ல. ஐ.எஸ்.ல டேட்டாபேஸ் பேப்பர், டேட்டா வேர்ஹவுஸ் பேப்பர் ரெண்டுலயும் அந்த ஒரு கேள்விய திரும்பத் திரும்ப கேக்க வச்சே பழக்கிட்டாங்க. எந்த டேபிள பாத்தாலும் இன்னிக்கும் முதல்ல அதைத்தான் கேக்குறேன்.

சரி, படிப்போட முழு அமைப்பு எப்படி இருக்கும்? ஏ.சி.எம்.னு கம்ப்யூட்டிங் துறைக்கு ஒரு சங்கம், ஏ.ஐ.எஸ்.னு இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ்க்கு ஒரு சங்கம், ரெண்டும் சேர்ந்து ஐ.எஸ். முதுகலைக்கு எம்.எஸ்.ஐ.எஸ். 2016னு ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல ஒன்பது திறன் பகுதி. சிஸ்டம் உருவாக்கி ஓட விடறது, டேட்டா, இன்ஃப்ராஸ்ட்ரக்சர், இந்த மூணும் டெக்னிக்கல்னு சொல்லலாம். மீதி ஆறு பாருங்க: மொத்த நிறுவனத்தோட ஆர்க்கிடெக்சர், ஐ.டி. ஸ்ட்ராட்டஜி கவர்னன்ஸ், தினசரி ஐ.டி. நிர்வாகம், பாதுகாப்பும் தொழில் தடைபடாம பாக்கறதும், நெறிமுறை, நிறுவனத்துக்குள்ள மாற்றத்த கொண்டு வர்றது. அதாவது மூணுல ரெண்டு பங்கு மனுஷங்களும் முடிவுகளும். கோடிங்தான் வேணும்னு போற பையனுக்கு முதல் செமஸ்டர்லயே இது ஏமாத்தமா தெரியும், அதனால முன்னாடியே சொல்லிடறேன்.

அந்த ஆறு பகுதியும் வெறும் பேச்சுன்னு நானும் நெனச்சேன், கனடாவோட ஃபீனிக்ஸ் சம்பள சிஸ்டம் பத்தி படிக்கிற வரைக்கும். அரசாங்க ஊழியர்கள் சுமார் 2,90,000 பேருக்கு சம்பளம் போட வேண்டிய சிஸ்டம், 80,000க்கு மேல சம்பள விதிகள், 2016 பிப்ரவரில ஓட விட்டாங்க. அதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்கன்னா, ஒவ்வொரு துறைலயும் உக்காந்து அந்த விதியெல்லாம் மனப்பாடமா வச்சிருந்த சம்பள ஆலோசகர்கள நூத்துக்கணக்குல கொறைச்சு, வேலைய மிராமிச்சிங்கற ஒரு சின்ன ஊர்ல புது ஆளுங்கள வச்சு குவிச்சாங்க. செலவு மிச்சம்னு சில வசதிகள வெட்டினாங்க, முன்னோட்டம் விடற திட்டத்தையும் கைவிட்டாங்க. அப்பறம் பல பேருக்கு சம்பளமே வரல, சில பேருக்கு கொறைச்சு வந்துச்சு, சில பேருக்கு கூட வந்து திருப்பிக் கட்டச் சொன்னாங்க. 2018ல அந்த நாட்டு தணிக்கைத் தலைவர் அறிக்கைலயே புரிஞ்சுக்கவே முடியாத தோல்வின்னு எழுதினாங்க. கட்டிங் மாஸ்டர வீட்டுக்கு அனுப்பிட்டு சாஃப்ட்வேர் போட்ட கதைதான் அது, நாடு அளவுக்கு பெருசா.

வகுப்புல குடுத்த வேலை என்னன்னா, சிஸ்டம் ஓட விடறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நீங்க அந்த டீம்ல இருக்கீங்க, தள்ளிப் போடணும்னு துறைத் தலைமைக்கு ஒரே ஒரு பக்கத்துல எழுதணும். நான் ஏழு தடவை திருத்தி எழுதினேன். பயமுறுத்தாம, டெக்னிக்கல் வார்த்தை இல்லாம, என்ன ரிஸ்க், தள்ளிப்போட்டா எவ்வளவு செலவு, போடலைன்னா என்ன ஆகும், அவங்க இன்னிக்கு எடுக்க வேண்டிய முடிவு எது, எல்லாம் ஒரே பக்கத்துல. நம்ம ஊரு இன்ஜினியரிங் படிப்புல இந்த மாதிரி ஒரு பக்கம் எழுத யாரும் எனக்கு சொல்லித் தந்தது இல்ல. வேலைல எனக்கு முதல் ப்ரொமோஷன் வாங்கித் தந்தது இப்படி எழுதின ஒரு பக்கம்தான்.

இப்ப சி.எஸ்.ஓட வச்சு பாக்கலாம். எம்.எஸ். சி.எஸ்.ல அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டிஸ்ட்ரிபியூடட் சிஸ்டம்ஸ், மெஷின் லேர்னிங்கோட கணக்கு, இதெல்லாம் ஆழமா வரும். டேட்டாபேஸ் எப்படி உள்ள வேலை செய்யுதுன்னு தெரியணும்னா சி.எஸ்., டேட்டாபேஸ்ல எதை வைக்கணும்னு தெரியணும்னா ஐ.எஸ்., இப்படி நான் பிரிச்சு வச்சிருக்கேன். ப்ராடக்ட் கம்பெனில கோர் இன்ஜினியரா போகணும், டேட்டா ஸ்ட்ரக்சர் கேள்விய பாத்தா கை துறுதுறுங்குதுன்னா யோசிக்கவே வேண்டாம், சி.எஸ்.தான். ஐ.எஸ். எடுத்துட்டு சாஃப்ட்வேர் இன்ஜினியர் இன்டர்வியூக்கு போன என் க்ளாஸ்மேட்ஸ் பாதிப் பேரு, க்ளாஸ் முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து தனியா கோடிங் ப்ராக்டிஸ் பண்ணித்தான் உள்ள போனாங்க, படிப்பு அவங்களுக்கு அந்த விஷயத்துல பெருசா கை குடுக்கல. ஆனா ஈ.சி.ஈ., மெக்கானிக்கல், பி.காம். பின்னணில இருந்து வர்றவங்களுக்கு சி.எஸ்.ல அட்மிட் வாங்குறதே முன்தேவை பாடங்களால சிக்கலாகும், ஐ.எஸ். கதவு கொஞ்சம் அகலம். கதவு அகலமா இருக்குங்கறதுக்காக மட்டும் உள்ள போகாதீங்க.

எம்.பி.ஏ. வேற கதை. சித்தப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, இங்கயே படிக்கலாம், குடும்பம் பக்கத்துல. ஆனா முன்னணி ஐ.ஐ.எம்.கள்ல இப்ப ஃபீஸே 20 லட்சத்துக்கு மேல, கேட் (CAT) நுழைவுத் தேர்வுல பெர்சன்டைல் வாங்கணும், நல்ல காலேஜ் கிடைக்கலைன்னா எம்.பி.ஏ.வோட மதிப்பு சட்டுனு இறங்கிடும். ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், எச்.ஆர்., ஆபரேஷன்ஸ் எல்லாம் தெரியும், ஒரு கம்பெனி எப்படி காசு பண்ணுதுன்னு ஐ.எஸ். காரங்களவிட தெளிவா தெரியும். ஆனா சிஸ்டம்ங்கறது அதுல ஒண்ணு ரெண்டு எலக்டிவ்தான். எம்.பி.ஏ. முடிச்ச நல்ல மேனேஜர்ஸ்கூட வேலை பாத்திருக்கேன், பட்ஜெட்டும் ஆளும் அவங்க கைல சுத்தமா இருக்கும், ஆனா வெண்டர் வந்து ரெண்டு வாரத்துல டேட்டா மைக்ரேஷன் (பழைய டேட்டாவ புது சிஸ்டத்துக்கு மாத்தறது) முடிச்சிடலாம்னு சொன்னா நம்பிருவாங்க. பழைய டேட்டால ஒரே கஸ்டமர் நாலு ஸ்பெல்லிங்ல இருப்பாருன்னு ஐ.எஸ். படிச்சவங்களுக்கு அந்த இடத்துலயே உறைக்கும். அஞ்சாறு வருஷ ஐ.டி. அனுபவம் இருந்து, டெக்னிக்கல் பக்கத்துலருந்து முழுசா வெளிய வரணும்னு இருந்தா எம்.பி.ஏ. சரி. ரெண்டு வருஷ அனுபவத்தோட போறவனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எம்.சி.ஏ.வ நம்ம ஆளுங்க இளக்காரமா பேசுறது எனக்கு பிடிக்கல. பி.எஸ்சி., பி.சி.ஏ., மேக்ஸ் படிச்ச பி.காம். பிள்ளைங்களுக்கு காசு கம்மியா, வீட்டுப் பத்திரத்த தொடாம, நேரா வேலைக்கு போற வழி அது. முன்ன மூணு வருஷம், 2020-21ல இருந்து ரெண்டு வருஷமாக்கிட்டாங்க. டான்செட் எழுதி அண்ணா யுனிவர்சிட்டிக்கோ அரசு, உதவி பெறும் காலேஜுக்கோ போகலாம், நிம்செட் எழுதினா திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடம் கிடைக்கலாம், மொத்தச் செலவு அமெரிக்கச் செலவுல ஒரு சின்ன துண்டுதான். ப்ரோக்ராமிங் அடிப்படை, டேட்டாபேஸ், சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் எல்லாம் உறுதியா வரும். வராதது அந்த ஆளு பக்கத்துல உக்காந்து கேக்குற பழக்கமும் ஒரு பக்கம் எழுதுற பழக்கமும்தான், அத ப்ராஜெக்ட் செமஸ்டர்ல நீங்களா தேடி எடுத்துக்கலாம். கடைல வாங்குன ப்ராஜெக்ட்ட சப்மிட் பண்ணாம, உங்க ஊரு ரைஸ் மில், கோ-ஆப்டெக்ஸ் கடை, ஒரு சின்ன ஆஸ்பத்திரி, எங்கயாவது போயி நிஜமா ஒரு மாசம் உக்காந்தீங்கன்னா, நான் 34 லட்சம் குடுத்து வாங்குனதுல ஒரு நல்ல பங்கு உங்களுக்கு அங்கயே கிடைச்சிரும். இத நான் மனசார சொல்றேன். ஏற்கனவே பி.இ. முடிச்சவங்க எம்.சி.ஏ. போறது மட்டும் பெரும்பாலும் தேவையில்லாத சுத்து.

வேலைய விடாம படிக்கிற வழியும் இருக்கு, பிட்ஸ் பிலானியோட டபிள்யூ.ஐ.எல்.பி. மாதிரி, நாலு செமஸ்டர், வார இறுதில க்ளாஸ். சம்பளம் நிக்காது, லோன் வேண்டாம், ஞாயித்துக்கிழமை படிச்சத திங்கக்கிழமை ஆபீஸ்ல போட்டு பாக்கலாம். ஆனா நீங்க பாக்குற வேலையே டிக்கெட் மூடற வேலைன்னா, படிச்சத போட்டு பாக்க இடமே இருக்காது, நான் அந்த நிலைமைலதான் இருந்தேன், எனக்கு இடம் மாறினாதான் மூச்சு விட முடியும்னு இருந்துச்சு. உங்க டீம்லயே பிசினஸ் அனாலிஸ்ட் வேலைக்கு மாற வழி இருக்கான்னு முதல்ல கேட்டுப் பாருங்க, கிடைச்சா இந்த வழி எல்லாத்தையும்விட மலிவு. ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சர்டிஃபிகேட் பத்தியும் கேக்குறாங்க, நாலு வருஷ டிகிரி இருந்தாலும் 36 மாசம் ப்ராஜெக்ட்ட வழிநடத்தின அனுபவம் கேப்பாங்க, அதனால டிகிரிக்கு பதிலா அதுங்கறது ஆரம்பத்துல நடக்காது.

ஜெர்மனியும் லிஸ்ட்ல இருக்குன்னான். அங்க இந்தப் படிப்புக்கு விர்ட்ஷாஃப்ட்ஸ்இன்ஃபர்மாட்டிக்னு தனி பேரே உண்டு, நல்ல பாரம்பரியம், ம்யூன்ஸ்டர் யுனிவர்சிட்டில இங்கிலீஷ்லயே எம்.எஸ்சி. இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ் இருக்கு. அரசு யுனிவர்சிட்டிகள் பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் வாங்குறதில்ல, ஆனா ம்யூனிக்ல இருக்கற டி.யூ.எம். யுனிவர்சிட்டில 2024-25 குளிர்கால செமஸ்டர்ல இருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்ககிட்ட வாங்க ஆரம்பிச்சிட்டாங்க. விசாவுக்கு ப்ளாக்ட் அக்கவுண்ட்ல (அங்க இருக்கற செலவுக்குன்னு முடக்கி வைக்கற பேங்க் கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும்னு 2024 செப்டம்பர்ல ஏத்தினாங்க, போறப்ப மறுபடி பாத்துக்கோங்க. செலவுல அமெரிக்காவவிட எவ்வளவோ கம்மி. ஆனா ஒரு விஷயத்த ஏஜென்ட் சொல்ல மாட்டாங்க: கோட் எழுதற வேலைக்கு இங்கிலீஷ் வச்சு சமாளிக்கலாம், ஐ.எஸ். வேலைங்கறதே குடோன்ல இருக்கறவங்ககிட்டயும் அக்கவுண்ட்ஸ் அம்மாகிட்டயும் போயி பேசுறதுதான், அவங்க ஜெர்மன்லதான் பேசுவாங்க. என் மாமாகிட்டயும் கட்டிங் மாஸ்டர்கிட்டயும் நான் இங்கிலீஷ்ல கேட்டிருந்தா லாட் பத்தி ஒரு வார்த்தை வெளிய வந்திருக்குமா? அதனால ஜெர்மனில ஐ.எஸ்.னா மொழியையும் படிப்போட ஒரு பாகமா, பேட்டி எடுக்குற அளவுக்கு கத்துக்கணும்னு கணக்கு வச்சுக்கோங்க.

ஐ.எஸ்.தான்னு முடிவு பண்ணாலும் எல்லா ஐ.எஸ்.ஸும் ஒண்ணு இல்ல. அந்த டிபார்ட்மெண்ட் எந்த வீட்டுக்குள்ள இருக்குன்னு பாருங்க. இந்தத் துறையே பிசினஸ் ஸ்கூல்ல பொறந்தது, மின்னசோட்டா யுனிவர்சிட்டில கார்டன் டேவிஸ்ங்கற ப்ரொஃபசர் 1968ல ஆரம்பிச்சாரு, அரிசோனால 1974ல வந்துச்சு, அரிசோனா, டெக்சாஸ் டல்லாஸ் ரெண்டும் இன்னமும் பிசினஸ் ஸ்கூலுக்குள்ளதான். நார்த்ஈஸ்டர்ன்ல இன்ஜினியரிங் காலேஜ்ல இருக்கு, அங்க ஜாவா, அப்ளிகேஷன் டெவலப்மெண்ட் தூக்கலா வரும். கார்னகி மெலன்ல ஹைன்ஸ் காலேஜ், பக்கத்து அறைல பப்ளிக் பாலிசி படிக்கிறாங்க. பேர பாக்காம கோர் பேப்பர் லிஸ்ட்ட இறக்கி, எத்தனை பேப்பர்ல நிஜ க்ளையண்ட் ப்ராஜெக்ட் இருக்குன்னு எண்ணுங்க, ரேங்க்கவிட எனக்கு அது முக்கியம். ஸ்டெம் கோட் (சயின்ஸ், டெக்னாலஜி படிப்புன்னு அமெரிக்க அரசாங்கம் ஏத்துக்கற கோட்) இருக்கான்னும் யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டு எழுத்துல வாங்குங்க, எல்லா ப்ரோக்ராமுக்கும் இருக்கும்னு நெனச்சுக்காதீங்க. இருந்தா ஓ.பி.டி., அதாவது படிச்சு முடிச்சு அங்க வேலை பாக்கற அனுமதி, 12 மாசம் கூட 24 மாசம், ஆக மூணு வருஷம், இல்லைன்னா ஒரே வருஷம்தான், அது லோன் கட்டறவனுக்கு உசுரு மாதிரி.

லோன் கணக்கையும் போட்டுக் காட்டினேன் அவனுக்கு. 40 லட்சம், 11 சதவீதம், பத்து வருஷம்னா மாசம் கிட்டத்தட்ட 55 ஆயிரம், படிக்கிற காலத்து வட்டிய சேக்காம. அமெரிக்கால சம்பளம் வாங்கினா அது கட்டக்கூடிய தொகை, ஊருக்கு திரும்பி வந்து இங்க சம்பளத்துல கட்டணும்னா மூச்சு முட்டும். அங்க தொடர்ந்து வேலை பாக்க வேண்டிய எச்-1பி விசா வருஷத்துக்கு 65,000, அங்க மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கு தனியா 20,000, அதுக்கு மேல விண்ணப்பம் வந்தா அதுலருந்து கொஞ்சம் பேரைத்தான் பொறுக்கி எடுப்பாங்க, திறமை மட்டும் போதாது. 2025 செப்டம்பர்ல புது மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம்னு அறிவிச்சாங்க, அங்கயே இருந்து மாணவர் விசால இருந்து மாறுறவங்களுக்கு பொருந்தாதுன்னு அடுத்த மாசம் விளக்கம் வந்துச்சு, நடுவுல அந்த ஒரு மாசம் எத்தனை வீட்ல தூக்கம் போச்சுன்னு எனக்குத் தெரியும். அதனால மூணு வருஷத்துக்குள்ள லோன்ல பாதிக்கு மேல அடைக்க முடியுமா, அப்பறம் ஊருக்கு வந்தாலும் தாங்குமா, இந்த கணக்கு நேரானா மட்டும் போங்க.

ஏ.ஐ. வந்துருச்சே, இதெல்லாம் எதுக்குன்னு அவனே கடைசில கேட்டான். க்வெரி எழுதறத அது இப்ப நல்லா பண்ணுது, நானும் தினமும் யூஸ் பண்றேன். ஆனா தவணை ஜாயின் தப்ப அதுகிட்ட குடுத்துப் பாத்தேன், டேபிள் அமைப்ப மட்டும் சொல்லி கேட்டா நான் அன்னிக்கு எழுதுன அதே க்வெரிய அழகா எழுதிக் குடுத்துச்சு, ஒரு இன்வாய்ஸ பல தவணையா கட்டுவாங்கன்னு நான் சொன்னப்பறம்தான் திருத்துச்சு. அத சொல்லணும்னு தெரிஞ்ச ஆளு வேணும்ல. லாட் கலக்கக்கூடாதுங்கறது எந்த டேட்டாபேஸ்லயும் எழுதியிருக்கல, ஜன்னல் வெளிச்சத்துல ரெண்டு துண்டு துணியா இருந்துச்சு.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். அவன் ரெண்டு வருஷமா டெஸ்டிங்ல இருக்கான், கோட் சுமாரா வரும், ஆனா டெஸ்ட் கேஸ் எழுதும்போது இந்த ஃபீல்டு எதுக்கு இருக்குன்னு கேட்டு டெவலப்பர்ஸ பாடாப் படுத்துவான். அந்த குணம் இருக்கறவனுக்கு ஐ.எஸ். பொருந்தும்னு எனக்கு தோணுது, சி.எஸ்.ல போட்டா ரெண்டாவது செமஸ்டர்ல வாடிருவான். எம்.பி.ஏ. இன்னும் நாலு வருஷம் கழிச்சு யோசிக்கலாம்னு சித்தப்பாகிட்ட நானே பேசுறேன்னு சொல்லியிருக்கேன். ஆனா அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணச் சொன்னேன், நாலு ஞாயித்துக்கிழமை மாமா கம்பெனிக்கு போயி உக்காரு, நான் எட்டு வருஷம் முன்னாடி வரைஞ்ச படத்த உனக்கு தர மாட்டேன், நீயா கேட்டு நீயா வரை, நாலாவது வாரமும் போகணும்னு தோணுச்சுன்னா அப்ளை பண்ணுன்னு.

நேத்து முதல் வாரம் முடிஞ்சு வந்தான். ராத்திரி மெசேஜ்: "அக்கா, சலான்ல கிலோ இருக்கு, லாட் நம்பர் இருக்கு, ஆனா தைக்கிறவங்களுக்கு பீஸ் ரேட் எங்கயுமே எழுதல. மாமாவ கேட்டா மாஸ்டர கேளுங்கறாரு, மாஸ்டர் டெய்லர் அக்காங்கள கேளுங்கறாரு, அவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஒரு குட்டி நோட்டு வச்சிருக்காங்க. அந்த நோட்ட அடுத்த வாரம் காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க."